மணியோசை முன்னே: என்900 அப்டேட்டுக்கு ஆயத்தமாவது

2010 மே 25, செவ்வாய்க்கிழமை ராத்திரி. தட்டில் பாதி தோசை இருக்கும்போது நண்பன் கூப்பிட்டான். "டேய், பிஆர்1.2 வந்துருச்சுடா! உனக்கு மின்னுதா?" இடது கையால் என் நோக்கியா என்900 கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மேலே ஆரஞ்சுச் சின்னம் மின்னிக்கொண்டிருந்தது. மார்ச்சில் வரும், ஏப்ரலில் வரும் என்று நாள் குறித்துக் குறித்து ஏமாந்த இயங்குதள அப்டேட் இந்த பிஆர்1.2. கை கழுவக்கூட எழுந்திருக்காமல் தொட்டேன். நினைவிடம் போதவில்லை என்றது.

32 ஜிபி உள்ள சாதனத்தில் இடம் போதவில்லையாம். உள்ளே போய்ப் பார்த்தால் இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியில் மிச்சம் இருந்தது 9 எம்பி. அன்றைக்குப் படுக்கும்போது மணி இரண்டு.

இதை எழுதுவது 2010 அக்டோபர் முதல் வாரத்தில். அடுத்ததான பிஆர்1.3 பற்றிய பேச்சு கிளம்பிவிட்டது. ஆப் எழுதப் பயன்படும் க்யூடி என்ற மென்பொருள் தொகுப்பின் 4.7 பதிப்பு செப்டம்பர் 21ஆம் தேதியே வெளியாகிவிட்டதால், அதைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது வரும் என்பது என் கணிப்பு. எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். வருவதற்கு முன் என்னென்ன செய்துவைக்கலாம், வரப்போகிறது என்பதை எதை வைத்து மோப்பம் பிடிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

வாரக் கணக்கு

முதலில் உங்கள் சாதனத்தில் இப்போது இருப்பது என்ன என்று பாருங்கள். அமைப்புகளில் 'தயாரிப்பு பற்றி' என்ற இடத்தில் 10.2010.19-1 என்று ஒரு எண் இருக்கும். முதல் 10-ஐ விடுங்கள். 2010 என்பது ஆண்டு, 19 என்பது அந்த ஆண்டின் 19ஆவது வாரம், கடைசி 1 அந்த வாரத்தில் எத்தனையாவது தயாரிப்பு என்பது. அதற்குப் பின்னால் புள்ளி வைத்து ஒட்டியிருக்கும் எண், எந்த வட்டாரத்துக்கான படிமம் (இயங்குதளத்தின் முழு நகல்) என்பதைக் குறிக்கும். பக்கத்து நாட்டுக்காரருக்கு வந்துவிட்டது, நமக்கு வரவில்லையே என்று பதறுவதற்கு முன் அந்த எண் அவருக்கும் உங்களுக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இந்த வார எண்தான் நமக்கு மணியோசை. 19ஆவது வாரம் என்பது மே 10இல் தொடங்கியது. வெளியானது மே 25. சமைத்து இறக்கிப் பரிமாற இரண்டே வாரம். அதற்கு முந்தைய பிஆர்1.1.1-இன் எண் 3.2010.02-8. ஜனவரி 11இல் தொடங்கிய வாரத்தில் செய்தது, பிப்ரவரியில்தான் கைக்கு வந்தது. பிஆர்1.1 என்பது 2.2009.51-1. டிசம்பர் நடுவில் செய்து, கிறிஸ்துமஸ் எல்லாம் முடிந்து, ஜனவரியில் விட்டார்கள். ஆக, ஒரு படிமம் உருவான பிறகு இரண்டு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை பரிசோதனையில் கிடக்கிறது. என்900-க்கு முந்தைய என்810 காலத்தில் இன்னும் மெதுவு. அதன் இயங்குதளமான டயப்லோவின் கடைசி வெளியீடான 5.2008.43-7 அக்டோபர் 20இல் தொடங்கிய வாரத்துச் சரக்கு. எங்களுக்குக் கிடைத்தபோது ஆண்டே முடியப்போகிறது.

சரி, வெளியாகாத படிமத்தின் வார எண் நமக்கு எப்படித் தெரியும்? என்900-இன் இயங்குதளமான மேமோவின் பிழைப் பதிவேட்டில் தெரியும். உங்களைத் தொல்லைப்படுத்தும் ஏதாவது ஒரு பிழையைத் தேடி எடுங்கள். சரிசெய்யப்பட்டுவிட்டது என்று மூடியிருந்தால், இன்ன பேக்கேஜில் (மென்பொருள் பொட்டலத்தில்) சரியாகிவிட்டது, அது இன்ன ஆண்டு இன்ன வாரத்து உள் தயாரிப்பில் சேர்ந்திருக்கிறது, அதற்குப் பிந்தைய எண்ணோடு வரும் வெளியீட்டில் இந்தத் திருத்தம் இருக்கும் என்று வார்த்தை மாறாமல் ஒரே குறிப்பைப் போட்டுவைத்திருப்பார்கள். பத்துப் பிழைகளின் குறிப்பைப் பார்த்தாலே உள்ளே வேலை எந்த வாரத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்பது பிடிபட்டுவிடும். உள் தயாரிப்பு எண்கள் வாரா வாரம் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டார்கள் என்று பொருள். அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். யாரோ ஒருவரின் மச்சான் அங்கே வேலை பார்க்கிறாராம் என்ற வகைத் தகவலைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பின்லாந்து நாட்காட்டி. ஜூன் கடைசியில் அவர்களுக்கு யுஹான்னுஸ் என்ற நடுக்கோடைத் திருநாள். அதன்பின் ஜூலை முழுக்க ஆளாளுக்குக் கோடைக் குடில், ஏரிக்கரை, சௌனா என்று போய்விடுவார்கள். அந்த மாதத்தில் அப்டேட்டை எதிர்பார்ப்பது பொங்கலன்று வங்கி வாசலில் நிற்பது போல. சனி ஞாயிறும் அப்படித்தான். நான் ஜூலையில் சாதனத்தைப் பார்க்கவே இல்லை, நிம்மதியாக இருந்தது.

ரூட்டில் இடம்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

என்900-இல் 32 ஜிபி என்பது ஒரே கிடங்கு அல்ல. படம், பாட்டு எல்லாம் போகும் மைடாக்ஸ் சுமார் 27 ஜிபி. ஆப்களுக்கும் உங்கள் அமைப்புகளுக்கும் 2 ஜிபி. 768 எம்பி ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது உதவும் இடம். ஆனால் இயங்குதளம் குடியிருப்பது இவை எதிலும் இல்லை. அது தனியாக 256 எம்பி கொண்ட வேறொரு சில்லில் இருக்கிறது. எக்ஸ் டெர்மினலைத் திறந்து டிஎஃப் கட்டளை கொடுத்தால் ரூட் என்ற வரியில் சுமார் 228 எம்பி என்று காட்டும். அப்டேட் வந்து இறங்குவது பெரும்பாலும் அந்தச் சின்ன அறைக்குள்தான்.

அதுவும் எப்படி இறங்குகிறது? பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி ஒரு பேக்கேஜைப் பிரிக்கும்போது புதுக் கோப்பைப் பழையதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால்தான் பழையதை எடுக்கும். வீடு மாறும்போது பழைய பீரோவை இறக்குவதற்கு முன்னால் புது பீரோ வாசலுக்கு வந்து நிற்பது மாதிரி. நடுவில் இரண்டுக்கும் இடம் வேண்டும். ரூட்டில் 40 எம்பியாவது காலியாக இருந்தால் தவிர நான் அந்த ஆரஞ்சுச் சின்னத்தைத் தொடுவதில்லை. இந்த 40 என் சொந்தக் கணக்கு.

மே மாத ராத்திரியில் என் ரூட்டை அடைத்துக்கொண்டிருந்தது எது தெரியுமா? தமிழ்! வாங்கிய புதிதில் உலாவியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆத்திரத்தில், கையில் கிடைத்த பெரிய யூனிகோட் எழுத்துரு ஒன்றை, உலக மொழிகள் அத்தனையும் அடங்கிய 20 எம்பிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை, ரூட் உரிமை எடுத்துக்கொண்டு கணினியின் எழுத்துருக் கோப்புறையிலேயே போட்டுவிட்டேன். தமிழ் தெரிந்தது, நானும் மறந்துவிட்டேன். ரூட்டில் இருக்கும் யூபிஐஎஃப்எஸ் என்ற கோப்பு முறை எல்லாவற்றையும் சுருக்கித்தான் வைக்கும், இருந்தாலும் அதை நீக்கியதும் பதினைந்து எம்பி திரும்பக் கிடைத்தது. அதற்குப் பதிலாக லோஹித் தமிழை என் வீட்டுக் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற மறைவான கோப்புறையில் போட்டேன். நூறு கேபிகூட இல்லை. ரூட்டைத் தொடவும் இல்லை. கட்டங்கள் அப்போதும் எழுத்தாகத்தான் தெரிந்தன.

உங்களிடம் அடைத்துக்கொண்டிருப்பது வேறாக இருக்கலாம். பெரும்பாலும் இவைதான்: ஆரம்ப மாதங்களில் போட்ட, ஆப்டிஃபை செய்யப்படாத ஆப்கள். எக்ஸ்ட்ராஸ் என்ற மேமோ ஆப் கிடங்கில் சேரும் ஆப் தன் கனமான கோப்புகளை ஆப்ட் என்ற கோப்புறைக்கு, அதாவது 2 ஜிபி பகுதிக்கு, தள்ளிவிட வேண்டும். ஆரம்பத்தில் பலரும் அதைச் செய்யவில்லை. அடுத்தது தீம்கள். ஆளுக்கு நான்கு போட்டுவிட்டு ஒன்றைத்தான் பயன்படுத்துவோம். மூன்றாவது, எக்ஸ்ட்ராஸ்-டெவல் ரெப்போவின் (ஆப்கள் இறங்கும் இணையக் கிடங்கின்) பட்டியல். அந்த ரெப்போ இயக்கத்தில் இருந்தாலே அதன் பேக்கேஜ் பட்டியல் மட்டும் ரூட்டில் சில எம்பியைத் தின்னும். ஆப் மேனேஜரில் அதை முடக்கிவிட்டு ஒருமுறை புதுப்பித்தால் அந்த இடம் திரும்ப வரும்.

எக்ஸ்ட்ராஸ்-டெவல் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண எக்ஸ்ட்ராஸுக்கு ஒரு ஆப் வர, சோதனை ரெப்போவில் பத்து நாள் கிடந்து, பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்த வேண்டும். டெவல் என்பது அந்த வரிசைக்கே வராத சரக்கு. அதை எப்போதும் திறந்துவைத்திருப்பது, சமையல் முடிவதற்கு முன்பே கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் பந்தி போட்டு உட்காருவது. வேண்டிய ஒரே ஒரு ஆப்பை எடுத்துக்கொண்டு உடனே மூடுங்கள். அப்டேட் நாளில் அது திறந்திருக்கவே கூடாது. அதில் இருக்கும் ஏதாவது ஒரு லைப்ரரி, வரப்போகும் அப்டேட்டில் இருப்பதைவிடப் பெரிய பதிப்பு எண்ணோடு நின்றால் போதும், முடிச்சு விழுந்துவிடும்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. இடம் வேண்டும் என்று ரூட்டில் இருக்கும் கோப்புறைகளை மைடாக்ஸுக்கு நகர்த்தி அங்கிருந்து இணைப்புக் கொடுக்கும் வித்தையைச் சிலர் சொல்லித்தருகிறார்கள். மைடாக்ஸ் விண்டோஸ் பாணிக் கோப்பு முறை, லினக்ஸ் உரிமைகள் அதில் நிற்காது. அதைவிட முக்கியம், கேபிள் மாட்டி கணினியில் திறந்த நொடியில் மைடாக்ஸ் சாதனத்தை விட்டுக் கழன்றுவிடும். அந்த நேரத்தில் இயங்குதளம் தன் கோப்பைத் தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மின்னாத சின்னம்

மே 25 ராத்திரி எனக்குச் சேதி சொன்ன அதே நண்பனுக்கு அப்டேட் வரவே இல்லை. "ஊருக்கே வந்துருச்சு, எனக்கு மட்டும் ஒண்ணும் மின்னல மச்சி" என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் புலம்பினான். வட்டார எண் என்னுடையதேதான். வாங்கிப் பார்த்தபோது புரிந்தது. தனக்குப் பிடிக்காத ஏதோ ஒரு உடன்வந்த ஆப்பை அவன் டெர்மினல் வழியாக ஏபிடி கட்டளை கொடுத்து நீக்கியிருக்கிறான். அது கேட்ட கேள்விக்கு 'ஆம்' என்று தட்டியிருக்கிறான். அது கேட்டது, இதை எடுத்தால் எம்பி-ஃப்ரிமேண்டில் (mp-fremantle; ஃப்ரிமேண்டில் என்பது என்900-இல் ஓடும் மேமோவின் குறிப்பெயர்) என்று தொடங்கும் பேக்கேஜும் போகும், சரியா என்று.

அந்தப் பேக்கேஜுக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. இயங்குதளத்தின் இன்னின்ன பகுதி இன்னின்ன பதிப்பில் இருக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும்தான். ஆனால் முழு அப்டேட் என்பதே அந்தப் பட்டியலின் புதுப் பதிப்புதான். அது இல்லாத சாதனத்துக்கு அப்டேட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலில் எம்பி-ஃப்ரிமேண்டில் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ரெப்போவிலிருந்து திரும்பப் போடுங்கள். போடும்போது அது நீங்கள் நீக்கிய ஆப்பையும் திரும்பக் கூட்டிவரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப் மேனேஜரில் சிவப்பு மாத்திரை என்று ஒரு ரகசிய முறை இருக்கிறது. அதைத் திறந்தால் உள் பேக்கேஜ்கள் அத்தனையும் தெரியும். வேடிக்கை பார்க்கலாம். அப்டேட்டை அந்த முறையில் இருந்துகொண்டு செய்யாதீர்கள்.

பேக்கப்

உடன்வரும் பேக்கப் ஆப் போதும். தொடர்புகள், செய்திகள், அமைப்புகளோடு நீங்கள் போட்டிருந்த ஆப்களின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளும். கவனியுங்கள், ஆப்களை அல்ல, பட்டியலைத்தான். மீட்கும்போது ஒவ்வொன்றாக ரெப்போவிலிருந்து இறங்கும், அதனால் அந்த ரெப்போ அப்போது இயக்கத்தில் இருக்க வேண்டும். கோப்பை மைக்ரோஎஸ்டி அட்டையில் வைத்து, அங்கிருந்து கணினிக்கும் ஒரு படி எடுத்துவிடுங்கள். பின்மூடியைத் திறந்தாலே அட்டை கழன்றுவிடும் என்பது நினைவிருக்கட்டும். பேக்கப் ஓடும்போது மூடியை நோண்டாதீர்கள்.

எழுத்துருக் கோப்புறை, டெர்மினல் சுருக்குகள், கையால் திருத்திய அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். இவற்றில் எது பேக்கப்புக்குள் போகும், எது போகாது என்று ஆராய்வதைவிட நகலெடுப்பது சுலபம்.

கையில் ஒரு ஃப்ளாஷர்

வான்வழி அப்டேட் பாதியில் நின்று, சாதனம் நோக்கியா எழுத்தோடு திரும்பத் திரும்பக் கிளம்பிக்கொண்டே இருந்தால் கணினியிலிருந்து முழுப் படிமத்தையும் எழுத வேண்டும். இதற்கு வேண்டியதை அந்த நேரத்தில் தேடக் கூடாது. இப்போதே இறக்கிவையுங்கள்: படிமத்தை எழுதும் மென்பொருளான ஃப்ளாஷர் 3.5, உங்கள் வட்டாரத்துக்கான தற்போதைய பிஆர்1.2 படிமம். பதிவிறக்கப் பக்கம் ஐஎம்இஐ எண் கேட்கும். சாதனம் செத்துக் கிடக்கும்போது அதை எங்கே பார்ப்பது? பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒட்டியிருக்கும். அதையும் முன்பே குறித்துவையுங்கள்.

நான் போன வாரம் ஒத்திகை பார்த்தேன். சாதனத்தை அணைத்து, கீபோர்டை இழுத்து, 'யு' விசையை அழுத்திக்கொண்டே கேபிளை மாட்டினேன். திரையில் நோக்கியா எழுத்து, மேல் மூலையில் சின்னதாக யுஎஸ்பி குறி. கணினியில் ஃப்ளாஷர் பொருத்தமான சாதனம் இல்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாட்டியதும் அடையாளம் கண்டுகொண்டது. எழுதச் சொல்லாமல், அடையாளம் மட்டும் கேட்கும் விருப்பத்தோடு ஓட்டினால் எதுவும் அழியாது. 64 பிட் விண்டோஸில் டிரைவர் தகராறு செய்யும். ஒரு லினக்ஸ் லைவ் சிடி போட்டுச் செய்வது எளிது. டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் நல்லது, கரண்ட் போனாலும் எழுதி முடித்துவிடும். சாதனத்தின் பேட்டரி 1320 எம்ஏஹெச், முழுக்க நிரம்பியிருக்கட்டும். ஃப்ளாஷ் நிலையில் இருக்கும்போது கேபிளை நம்பி சார்ஜ் ஏறும் என்று எண்ணாதீர்கள்.

படிமத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயங்குதளம். மற்றது உள் நினைவகமான இஎம்எம்சிக்கு உரியது. முதலாவதை எழுதினால் ஆப்களும் அமைப்புகளும் போகும். இரண்டாவதை எழுதினால் மைடாக்ஸில் இருக்கும் குழந்தையின் பிறந்தநாள் படம் வரை போய்விடும். தேவையில்லாமல் இரண்டாவதன் பக்கம் போகாதீர்கள்.

அன்றைக்கு

சின்னம் மின்னியதும் தொடாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். உங்கள் வட்டாரத்து எண் வைத்திருக்கும் யாராவது ஒருவர் முதலில் போடட்டும். நான் பொறுக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

பிறகு, டெவல் மூடியிருக்கிறதா, ரூட்டில் 40 எம்பி இருக்கிறதா, சார்ஜர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டு வைஃபையில் தொடங்குங்கள். ரயிலில் உட்கார்ந்து 3ஜியில் வேண்டாம். இடம் போதவில்லை என்று மறுபடி சொன்னால், கணினி வழியாகச் செய்துவிடுங்கள். இடத்துக்காகக் கண்ணில் பட்ட கோப்பையெல்லாம் அழித்துத் தள்ளும் வேகம் பின்னிரவில்தான் வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆயத்தம் எல்லாம் இருக்கட்டும், வராமலே போகும் அப்டேட்டுக்கும் மனசைத் தயார்செய்துகொள்ளுங்கள். என்810-ஐ 2008 தொடக்கத்தில் வாங்கினேன். அப்போதெல்லாம் புது இயங்குதளம் என்றால் முழுக்க ஃப்ளாஷ்தான், எல்லா ஆப்பும் போய் மறுபடி முதலிலிருந்து. ஜூனில் டயப்லோ வந்தது, அதற்கும் ஒருமுறை ஃப்ளாஷ் செய்தோம். ஆனால் அதோடு சாதனத்திலிருந்தே அப்டேட் எடுக்கும் வசதி வந்துவிட்டது. இனி ஃப்ரிமேண்டிலும் இப்படியே வந்து இறங்கும் என்று கொண்டாடினோம். வரவில்லை. என்810-இல் இருப்பது ஓமாப் 2420 சில், ஃப்ரிமேண்டில் ஓமாப் 3-க்காக எழுதியது. சில்லின் பெயரைப் பார்த்திருந்தாலே அன்றைக்குத் தெரிந்திருக்கும். இப்போது மேமோவும் இன்டெல் தொடங்கிய மோப்ளினும் சேர்ந்து மீகோ என்ற ஒரே இயங்குதளம் ஆகப்போவதாக பிப்ரவரியில் அறிவித்திருக்கிறார்கள். என்900-இல் மீகோவை ஓட்டும் வேலையும் நடக்கிறது. ஓட்டிப் பார்க்கலாம் என்பது ஒன்று, ஆரஞ்சுச் சின்னம் மின்னி அப்டேட்டாக வருவது வேறு. இரண்டாவதை நம்பி நான் எதையும் தள்ளிப்போடுவதாக இல்லை.

இன்று காலை பார்த்தபோது என் ரூட்டில் 61 எம்பி காலி. நண்பனின் சாதனத்தில் எம்பி-ஃப்ரிமேண்டில் இன்னும் ஏறவில்லை. மே மாதம் கணினி வழியாக பிஆர்1.2 எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பின் மறுபடி அதே ஆப்பை அதே மாதிரி நீக்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கேபிளோடு வரச் சொல்லியிருக்கிறேன்.